சென்னையில் உங்கள் முதல் மழைக்காலம்: வாடகை வீட்டுக்கான ஆயத்தமும் பட்ஜெட்டும்

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, ஜூன் ஜூலையில் வீடு பிடித்துப் பால் காய்ச்சியவர்கள் அந்த வீட்டை இன்னும் மழையில் பார்த்திருக்க மாட்டார்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லிவைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குச் சென்னை மழை என்றதும் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வரும்: அடையாற்றில் வெள்ளம், மாடி வரை தண்ணீர், படகு. ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வந்த வர்தா புயலில் வெள்ளத்தைவிடக் காற்றுதான் ஆடியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில். தண்ணீர் தேங்கியது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும். மூன்றும் மூன்று விதம். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வராத குடும்பங்களும் மூன்று முறையும் ஒரே மாதிரி திண்டாடின: கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கடையில் பால் இல்லை.

ஆகவே உங்கள் இலக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே போகாமல், யாரிடமும் எதையும் வாங்காமல், கரண்ட் இல்லாமல், நான்கு நாள் வீட்டில் இருக்க முடிய வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. செலவு ஆவது, ரெட் அலர்ட் வந்த மாலையில் கடைக்கு ஓடுகிறவர்களுக்குத்தான். ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் எல்லாமே சாதாரண விலையில் கிடைக்கும்.

முதலில் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: காசு தேவையில்லை

வீட்டு உரிமையாளரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களையும் கேளுங்கள். இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: 2015-இல் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் பதில் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் இடையில் வடிகால் கட்டியிருப்பார்கள், ரோடு உயர்ந்திருக்கும், காலி மனை அபார்ட்மென்ட் ஆகியிருக்கும். பழைய தனி வீடுகளில் ஒரு விஷயத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்: ரோடு போடப் போட உயர்ந்து, வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? தாழ்ந்திருந்தால், தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் உங்கள் கூடத்தில் அதைவிட அதிகமாக நிற்கும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வாருங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது? அதை அணைக்க வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? ஈ.பி. பெட்டி பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? சம்ப் மூடி தரைமட்டத்திலா, மேடாகவா? மோட்டார் எங்கே இருக்கிறது? சிலிண்டர் ரெகுலேட்டரை இருட்டில் தடவிப் பார்த்து மூட முடியுமா? மின் இணைப்பு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், புகார் செய்யும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: மாடி வீட்டுக்காரர்களோடு பழகி வையுங்கள். மார்கழியில் நள்ளிரவில் கதவைத் தட்டும்போதுதான் முதல்முறையாகப் பெயர் சொல்லிக்கொள்வது இரு தரப்புக்கும் சங்கடம்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது, எங்கே வைப்பது

அவசர நிதி என்றாலே ஆறு மாதச் சம்பளம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். புதிதாக வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஃபிரிட்ஜுக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடுவார். சிறிதாகத் தொடங்குங்கள். மழைக்கால ஆயத்தத்துக்கு மூன்று பணம் தேவை: பொருள் வாங்க ஒன்று, வீட்டில் ரொக்கமாக ஒன்று, வங்கியில் ஒன்று.

பொருளுக்கு, இருவர் உள்ள வீட்டில் மூன்று மாதத்தில் 3,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். நான் போடும் கணக்கு இது. ஆடியில் 800 ரூபாய்: நல்ல டார்ச் ஒன்று, பேட்டரி உள்ள எல்.இ.டி. பல்பு ஒன்று, ஜிப் கவர்கள், இரண்டு செட் பேட்டரி செல். ஆடித் தள்ளுபடியில் துணியை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள். ஆவணியில் 1,200 ரூபாய்: பவர் பேங்க். புரட்டாசியில் 1,000 ரூபாய்: மளிகையும் மருந்தும். தொகை உங்கள் வசதிப்படி கூடலாம், குறையலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் கெட்டுப்போகிற பொருளைக் கடைசியில்தான் வாங்க வேண்டும்.

இந்தத் தொகையைச் சம்பளத்தில் எங்கிருந்து பிடிப்பது? இரண்டு வழி இருக்கிறது. நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பில் வராத மாதத்தில், போன பில்லில் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள். மீதிப் பாதி அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து. அடுத்த பில் போன பில்லைவிடக் குறைந்தால் மிச்சம் இந்த ஆயத்தத்துக்கு வரும். வெயில் போய் ஏ.சி. ஓட்டம் குறையும்போது அது கணிசமாகவே இருக்கும். இரண்டாவது, புரட்டாசி. கவுச்சியை நிறுத்துகிற வீடு என்றால் அந்த மாதம் கறிக்கும் மீனுக்கும் போகாத பணத்தை எடுத்து, அதே வாரம் மளிகையாக மாற்றிவிடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தப் பணம் பட்டாசாகிவிடும்.

ரொக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீரைக்கட்டுக்குக்கூட போனை நீட்டிப் பழகியவர்கள் நாம். டவர் விழுந்து கரண்டும் போனால் யு.பி.ஐ. கிடையாது, கார்டு தேய்க்கும் மெஷின் கிடையாது, ஏ.டி.எம். கிடையாது. வர்தா வந்தது பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட முழுதாக முடியாதபோது. அப்போது நகரத்தில் ரொக்கமே தட்டுப்பாடு. இருந்த கார்டையும் கரண்ட் இல்லாத கடையில் பயன்படுத்த முடியவில்லை. அதனால் வீட்டில் 3,000 ரூபாய், ஐம்பதும் நூறும் இருநூறுமாக, ஒரு ஜிப் கவரில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வேண்டாம். தண்ணீரில் நடந்து வந்து பால் விற்பவரிடம் சில்லறை இருக்காது. இந்தக் கவரிலிருந்து கேஸ் போடுகிறவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பணம், வங்கியில் ஒரு மாத வாடகையும் மளிகையும் சேர்ந்த தொகை. வேலைக்குப் போக முடியாமல், வீட்டைச் சுத்தம் செய்து, மோட்டாரையும் மெத்தையையும் மாற்ற வேண்டிய மாதத்துக்கு அது. யு.பி.ஐ.-யில் இணைக்காத தனி சேமிப்புக் கணக்கு போதும். கை அதிகம் போகாது. மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் வங்கி ஆர்.டி.-யும் சரி. தேவைப்பட்டால் கொஞ்சம் வட்டி இழந்து உடைக்கலாம். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம் என்பதால் பலர் அதை நாடுகிறார்கள். நல்ல சேமிப்புதான், ஆனால் ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டுக்கு முன் மூட முடியாது. இந்தத் தேவைக்குப் பொருந்தாது. தீபாவளிச் சீட்டுப் பணம் சரியாக மழை தொடங்கும் நேரத்தில் கைக்கு வருகிறது என்பது உண்மை. வந்த வாரமே தீர்ந்தும் போகிறது. நகைக்கடன் கடைசிக் கைகொடுப்பு. ஆனால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது அடகுக்கடையும் மூடித்தான் இருக்கும்.

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை

புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பெருமழையில் தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மேல்தொட்டி ஒரு நாளில் காலியாகும். கேன் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வராது. சம்ப் தரைமட்டத்தில் இருந்தால் தெருத்தண்ணீரும் சாக்கடையும் அதில் கலந்துவிடும். ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்றால், அதற்கும் கரண்ட் வேண்டும். சாக்கடை கலந்த சம்ப் தண்ணீரை அதில் விட்டுச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். இருவருக்கு நான்கு நாளைக்கு 32 லிட்டர். அதாவது இரண்டு கேன். வழக்கமாக ஒரு கேன் போடுகிறவர்கள் அக்டோபர் தொடங்கியதும் கேன் போடுகிற அண்ணனிடம் டெபாசிட் கொடுத்து இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழையதை முதலில் தீர்த்து, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். கட்டில் அடியில் தள்ளிவிட்டு மறந்துவிட்டால் பாசி பிடிக்கும்.

கனமழை எச்சரிக்கை வந்த அன்றே, காற்று ஆரம்பிக்கும் முன், மேல்தொட்டியை நிரப்புங்கள். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனிடம் இதை நினைவூட்டுகிற ஆள் நீங்களாக இருங்கள். அண்டா, குடம், பக்கெட், வாஷிங் மெஷின் டிரம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். கழிவறைக்கும் கை கால் கழுவவும்தான் அதிகத் தண்ணீர் போகிறது என்பது குழாய் நின்ற பிறகுதான் தெரியும். சம்ப் மூடியைச் சுற்றித் தடித்த பாலித்தீன் விரித்து, மேலே கல் வையுங்கள். முழுவதும் தடுக்காது, இருந்தாலும் மழைத்தண்ணீர் ஓரடி நிற்கும் தெருவில் ஓரளவு பலன் தரும்.

தண்ணீர் வடிந்த பிறகு சம்ப்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வரை மோட்டாரைப் போடாதீர்கள். ஒரு முறை போட்டுவிட்டால் மேல்தொட்டியும் பைப்பும் சேர்ந்து கெட்டுவிடும். அதுவரை குடிநீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மாநகராட்சி தரும் குளோரின் மாத்திரையைப் பயன்படுத்தினால் உறையில் உள்ள அளவைப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம்.

அடுப்படி

சமைக்க இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் பேச்சிலர் அறைகளுக்கு முதல் வேலை இது: முகவரிச் சான்று கேட்காமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மட்டும் உள்ளவர்கள் இரண்டாவது சிலிண்டருக்கு ஏஜென்சியில் எழுதிக் கொடுங்கள். டெபாசிட் ஒரு முறைதான், வீட்டைக் காலி செய்து இணைப்பை ஒப்படைக்கும்போது திரும்ப வரும்.

மளிகையில் நான் சொல்லும் முறை "ஒரு பாக்கெட் முன்னே". தனியாக அவசரப் பெட்டி என்று ஒன்று கட்டி வைக்க வேண்டாம். எப்படியும் அது அடுத்த ஆண்டு பூச்சி பிடித்துத்தான் திறக்கப்படும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அரிசி, துவரம் பருப்பு, ரவை, எண்ணெய், உப்பு இவற்றில் எப்போதும் ஒரு பாக்கெட் திறக்காமல் இருக்கட்டும். திறந்ததும் அடுத்ததை மாதப் பட்டியலில் எழுதுங்கள். புரட்டாசியில் ஒரே ஒரு முறைதான் கூடுதல் செலவு, அதன்பின் வழக்கமான மளிகைச் செலவுதான்.

கூடவே அடுப்பே பற்ற வைக்காமல் சாப்பிடக்கூடியவை கொஞ்சம் வேண்டும். அவலுக்கு நிகராக எதுவுமில்லை: நனைத்து வெல்லமோ தயிரோ போட்டால் ஒரு வேளை முடிந்தது. வேர்க்கடலை, பொரி, பேரீச்சம்பழம், பிஸ்கட். சாதம் மட்டும் வடிக்க முடிந்த நாளுக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். பால் பவுடர் கட்டாயம். மிக்ஜாம் சமயத்தில் பால் பாக்கெட்டுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள், சில இடங்களில் விலையும் ஏற்றி விற்றார்கள். குழந்தை உள்ள வீட்டில் இதை ஒரு வாரத்துக்குக் கணக்கிடுங்கள். டயப்பர், நாப்கின், நாய் பூனை இருந்தால் அவற்றின் தீனி ஆகியவற்றையும் மளிகைப் பட்டியலிலேயே எழுதுங்கள். இவைதான் எப்போதும் விட்டுப்போகின்றன.

எச்சரிக்கை நாளில் ஃபிரிட்ஜில் உள்ள இட்லி மாவை முதலில் தீர்த்துவிடுங்கள், கரண்ட் போன மறுநாளே புளித்துப் பொங்கும். கடையில் ரொட்டிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் சேர வேண்டாம். உருளை, சேனை, பூசணி, வெங்காயம் வாங்கினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே ஒரு வாரம் ஓடும்.

வெளிச்சமும் போனும்

மெழுகுவத்தி வேண்டாம். இருட்டில், காற்றில், திரைச்சீலைக்கும் சிலிண்டருக்கும் பக்கத்தில் தீயை வைத்துக்கொண்டு தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேட்டரி உள்ள எல்.இ.டி. பல்பு வழக்கமான ஹோல்டரிலேயே தினமும் எரியும், கரண்ட் போனால் சில மணி நேரம் தானாகத் தாக்குப்பிடிக்கும். மற்ற நேரத்துக்கு டார்ச். இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. ஆனால் வாடகை வீட்டில் முதல் ஆண்டிலேயே அதற்குப் பணம் போடாதீர்கள். தரைத்தளத்தில் பேட்டரியைத் தரையில் வைத்தால் முதலில் நனைவது அதுதான்.

பவர் பேங்கை மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்து வையுங்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் அதுவும் போனுக்குச் சார்ஜர்தான். வீட்டில் இருவரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருந்தால் ஒருவர் மாற்றிக்கொள்வது நல்லது. பழைய பட்டன் போன் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

சிக்னல் நூலளவு இருக்கும்போது அழைப்பு போகாது, எஸ்.எம்.எஸ். போகும். ஊரில் இருக்கும் ஒருவரை, சித்தப்பாவோ அக்காவோ, தகவல் மையமாக முன்பே சொல்லி வையுங்கள். நீங்கள் அவருக்கு மட்டும் "நலம், வீட்டில் இருக்கிறோம்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். மற்ற உறவினர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் பதறிப்போய் அழைக்கும் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியே பேட்டரி தீர்ந்துவிடும்.

எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டுங்கள்: பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்தடைக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906. தாம்பரம், ஆவடி பக்கம் இருப்பவர்களுக்கு மாநகராட்சி வேறு. அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்கள், முக்கியமாக ரேஷன் கார்டு

2015 வெள்ளத்தில் நனைந்து போன சான்றிதழ்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பத்திரம் வரை அசலை எல்லாம் ஜிப் கவரில் போட்டு, ஒரே பையில், லாஃப்ட்டில் வையுங்கள். கிளம்ப வேண்டி வந்தால் தேடாமல் தூக்க வேண்டிய பை அது. அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏறக்கூடியதை ஏற்றுங்கள். மற்றதைப் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டு விஷயம் புதிதாக வந்தவர்களுக்கு முக்கியம். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம், டோக்கன் வழங்கி ரேஷன் கடைகள் மூலமாகத்தான் கொடுக்கப்பட்டது. சென்னையில் பல ஆண்டு குடியிருந்தும் கார்டை ஊரிலேயே வைத்திருந்தவர்கள் தனியாக மனு கொடுத்து அலைய வேண்டியிருந்தது. இங்கே நிலையாக இருக்கப் போகிறீர்கள் என்றால் முகவரி மாற்றத்தை மழைக்கு முன்பே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தமும் கேஸ் பில்லும் கையில் இருந்தால் போதும் என்ற நிலையில் இதைத் தள்ளிப்போடுவது வெறும் சோம்பல்.

வண்டியும் இன்சூரன்ஸும்

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பெரும்பாலும் மறுப்பார்கள். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மழைக்கு முன்பே வண்டியை மேட்டில் விடுவது எல்லாவற்றையும்விட மலிவு. 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். முந்தைய ஆண்டு எஞ்சினுக்குச் செலவு செய்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பொருள்களுக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்பது வாடகைக்கு இருக்கும் பலருக்குத் தெரியாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்திருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும், கட்டடத்தை விட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். தரைத்தளத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் வைத்திருப்பவர்கள் பிரீமியத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பயப்படும் அளவுக்கு இருக்காது. எடுத்த அன்றே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து, பில்களையும் படம் பிடித்து வையுங்கள். வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடும் (2 லட்சம்), 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் (2 லட்சம்) இல்லாதவர்கள் இதோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

மருந்து

பி.பி., சுகர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அக்டோபர் முதல் எப்போதும் பத்து நாளைக்குக் கூடுதலாக வைத்திருங்கள். செலவைக் குறைக்க மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டும் இருக்கின்றன. ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலினை எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், கட்டுத்துணி, சேற்றுப்புண் களிம்பு இவை போதும். நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர் இருக்கும் வீட்டில் கணக்கே வேறு: எச்சரிக்கை வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மழை வராமல் போனால் இரண்டு நாள் விருந்து சாப்பிட்டுத் திரும்பலாம்.

எச்சரிக்கையைப் படிப்பது

வானிலை மையம் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள் வந்தால் கவனியுங்கள், ஆரஞ்சு வந்தால் தண்ணீர் நிரப்பி எல்லாவற்றையும் சார்ஜ் செய்யுங்கள், சிவப்பு வந்தால் வண்டி மேட்டில் இருக்க வேண்டும், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், மிக்ஜாம் நினைவிருக்கட்டும்.

உங்கள் தெருவில் பெய்யும் மழையை மட்டும் பார்ப்பதும் போதாது. அடையாற்றங்கரைப் பகுதிகளில் இருப்பவர்கள் செம்பரம்பாக்கம் ஏரியைக் கவனிக்க வேண்டும். அதன் முழு உயரம் 24 அடி. அதை நெருங்கும்போது உபரி நீர் திறப்பு பற்றிய அறிவிப்புகள் வரும். மழை குறைந்த பிறகும் தண்ணீர் வரலாம். கொசஸ்தலையாற்றுப் பக்கம் என்றால் பூண்டி ஏரி. வாட்ஸ்அப்பில் வரும் "ஏரி உடைந்தது" ஆடியோக்களைக் கேட்டுக் கிளம்பாதீர்கள், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

தண்ணீர் வாசலுக்கு வந்தால்

முதலில் மெயின் சுவிட்ச். தண்ணீர் உள்ளே வருவதற்கு முன், கை கால் காய்ந்திருக்கும்போதே அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடக் கூடாது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கீழ் அலமாரியில் இருப்பதை மேலே ஏற்றுங்கள், முதலில் அரிசியும் மெத்தையும், டி.வி. அப்புறம். கிளம்புவதா இருப்பதா என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். தரைத்தள வீடு, வாசற்படியில் தண்ணீர், இன்னும் மழை என்றால் மாலை 4 மணிக்குள் மாடிக்கோ முகாமுக்கோ போய்விடுவது நல்லது. இரவு 2 மணிக்குப் போவதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தெருத்தண்ணீரில் நடக்க நேர்ந்தால் முன்னால் கம்பு ஊன்றிப் பார்த்து நடங்கள். பாதாளச் சாக்கடை மூடி திறந்திருக்கலாம். மின்கம்பி, மின்பெட்டி பக்கம் போகவே கூடாது.

வடிந்த பிறகு, எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினைப் போடாதீர்கள். நனைந்த ஃபிரிட்ஜையும் மிக்சியையும் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சுத்தம் செய்யும் முன் சேதத்தைப் படம் எடுங்கள். இன்சூரன்ஸுக்கு அது வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா, டெங்குவா என்று பார்க்க அது உதவும்.

பொங்கல் முடிந்ததும் மழைக்கால இருப்பைக் கலைத்துவிடலாம். பால் பவுடரும் அவலும் தையிலேயே தீரட்டும், டார்ச்சிலிருந்து செல்லைக் கழற்றி வையுங்கள், ரொக்கக் கவரை எண்ணிக் குறைந்ததை நிரப்புங்கள். கூடுதல் கேன்களை மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. மே மாதத்தில் அவை மறுபடி தேவைப்படும்.